ஆறு விழுந்தால் இன்னொரு தடவை

என் தோழி மஸ்கட்டுக்குப் போவதற்குள் அவளை ஒரே ஒரு ஆட்டத்திலாவது ஜெயித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. விசா வந்துவிட்டது, பெட்டியும் பாதி கட்டியாகிவிட்டது. அதுவரை ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றவள் நான்தான்.

அந்த ஆட்டத்தை அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது வாங்கிவந்தார். பழைய காலத்து வெளிநாட்டுப் போர்க்களம் ஒன்றை அட்டையில் வரைந்திருக்கும். நடுவில் குன்று, பக்கத்தில் ஓடை. ஆளுக்கொரு படை: ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள், இரும்புச் சட்டை போட்ட குதிரைவீரர்கள், ஒரு தளபதி. எதிராளியோடு மோதினால் பகடை உருட்டவேண்டும், விழுகிற எண்ணிக்கைதான் அடி. தளபதிக்கு மொத்தம் எட்டு அடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆறு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம்.

அறந்தாங்கியில் அவள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. மதியம் என் மகள் தூங்கும் நேரம்தான் எங்கள் போர்க்காலம். சேலைத் தொட்டிலின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நான் படை நடத்துவேன். சத்தம் கேட்காமலிருக்கப் பகடையை மடித்த துண்டின்மேல் உருட்டுவோம். இடையிடையே நான் எழுந்துபோய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ச்சலா, வெயிலா, என் கைதான் சூடா என்று ஒரு முடிவுக்கு வராமலே திரும்பி வருவேன்.

படையையும் அப்படித்தான் நடத்தினேன். குன்றின்மேல் எல்லோரையும் ஏற்றி, தளபதியைச் சுற்றிக் குதிரைகளை நிறுத்திவிடுவேன். ஒரு குதிரையை நகர்த்துவேன், மறுபடி பழைய இடத்திலேயே வைப்பேன். அவளோ முதல் நகர்த்தலிலேயே குதிரைகளை அவிழ்த்துவிடுகிறவள்.

"எதுக்குடி குதிரையை வீட்டுக்குள்ளயே வச்சிருக்க? வயசுக்கு வந்த புள்ளையா அது?" என்று கேட்பாள்.

அவள் கிளம்புகிற வாரத்தில் கடைசியாக ஒரு ஆட்டம் போட்டோம். வழக்கம்போல அவள் படை குன்றை வளைத்துக்கொண்டது. அவசரத்தில் தளபதியைத் துணையில்லாமல் ஓடைக்கரையில் விட்டிருந்தாள். என் குதிரைகள் இறங்கினால் எட்டிவிடலாம். ஆனால் என் தளபதி தனியாக நிற்பார். போகலாமா, நிற்கலாமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிலில் ஒரு முனகல். மகள் எழுந்தால் ஆட்டம் அவ்வளவுதான். யோசிக்க நேரமில்லை. காலால் வேகமாகத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கையால் குதிரைகளை இறக்கினேன்.

உருட்டினேன். ஆறு. மறுபடி உருட்டினேன். மூன்று. அவள் தளபதி சாய்ந்தான். மகளும் தூங்கிப்போனாள்.

சந்தோஷப்பட எனக்கு ஒரு நிமிடம்கூட வாய்க்கவில்லை. ஆறு விழுந்தால் இன்னொரு தடவை என்பதை ஆட்டத்தோடு வந்த விதிப்புத்தகத்தில் எங்கே படித்தோம்? அதை ஆங்கிலத்தில் படித்து அவளுக்குச் சொன்னவள் நான். அப்படி ஒரு வரியைப் படித்ததாக ஞாபகமே இல்லை. தாயம் ஆடிப் பழகிய கை, ஆறைக் கண்டதும் தானாக மறுபடி உருட்டியிருக்கிறது. முதல் நாளிலிருந்து இரண்டு பேருமே.

"அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் எடு" என்றேன்.

அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இத்தனை நாள் நானும் அப்படித்தானே ஒன்னைய அடிச்சேன். அப்ப கேட்டியா?"

"அது வேற."

"ஒண்ணும் வேற இல்ல. ஜெயிச்சுட்ட. போய் டீ போடு."

ஊருக்குப் போகும்போது ஆட்டப்பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்துத்தான் திறந்து பார்த்தேன். அட்டை இருந்தது, படைகள் இருந்தன, பகடையும் இருந்தது. புத்தகத்தை மட்டும் காணோம். போன் போட்டேன். மஸ்கட் வந்து சேர்ந்த அசதியிலும் சிரித்தாள்.

"எங்கிட்டதான் இருக்கு. ஒங்கிட்ட இருந்தா ஒரு ராத்திரி தூங்கமாட்ட."

பகடை விதி இருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெயில், சமையல், பக்கத்து ஃபிளாட்காரி என்று எல்லாப் படமும் வருகிறது, அது மட்டும் இன்னும் வரவில்லை. போன வாரம் என் வீட்டுக்காரருக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஆறு விழுந்தால் இன்னொரு தடவை என்றுதான் சொன்னேன்.