கேஸ் அடுப்பை ஊதிய பட்டதாரி

கேஸ் அடுப்பை நீங்கள் எப்போதாவது வாயால் ஊதியிருக்கிறீர்களா? நான் ஊதியிருக்கிறேன். அதுவும் கெம்பஸ் முடித்துப் பட்டம் வாங்கிய பிறகு.

2007இல் நடந்தது. இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்டாருக்கு வேலைக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அறையில் என்னோடு இருந்தவர் கலவானைக்காரர். சிங்களவர், ட்ரைவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'அய்யே' என்பேன், அவர் என்னை 'மல்லி' என்பார். அண்ணன், தம்பி என்று அர்த்தம். பேச்செல்லாம் சிங்களத்தில்தான். அவர் சமைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன். அடுப்புப் பக்கம் நான் போனதே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள். காலையிலேயே சீண்டினார்.

"ஏன் மல்லி, கெம்பஸ்ல சாப்பிட மட்டும்தான் படிச்சுக் குடுத்தாங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னைக்கு எங்க தோட்டத்து ரொட்டி சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் கலவான ரொட்டிய நாய்கூட தொடாது."

சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்து, தீயைக் குறைத்து வைத்தார். "அணையாம பாத்துக்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மாவையும் தேங்காய்ப்பூவையும் பிசைந்து தட்டி, முதல் ரொட்டியைக் கல்லில் போட்டேன். வேகவே இல்லை. குனிந்து பார்த்தால் தீ நீலமாக, இத்தனூண்டு எரிகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டில் விறகடுப்புத்தான். வருடத்தில் பாதி நாள் விறகு ஈரம். தீ சுருங்கினால் ஊத வேண்டும் என்பது நடக்கப் பழகும்போதே பழகியது. குமிழைத் திருப்பியிருந்தால் போதும். வாய் முந்திக்கொண்டது. பலமாக ஊதினேன்.

தீ அணைந்தது. அப்போதுதான் குமிழ் ஞாபகம் வந்து, முழுசாகத் திருப்பினேன். ஒன்றும் எரியவில்லை. அப்படியே விட்டுவிட்டு லைட்டரைத் தேடி அறைக்குப் போனேன். தலையணைக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, கடைசியில் அவருடைய சட்டைப் பையில் கிடைத்தது. ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். எனக்கு அன்று கடுமையான தடிமன், மூக்கு அடைத்து எந்த மணமும் தெரியவில்லை. சமையலறை ஜன்னலையோ தூசி வருகிறதென்று நானே டேப் ஒட்டி மூடியிருந்தேன்.

லைட்டரோடு குனிந்தேன். பின்னாலிருந்து ஓர் ஈரக்கை என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது.

அய்யே. தலை நிறையச் சவர்க்கார நுரை, இடுப்பில் ஒரு துவாய். குமிழை மூடினார். டேப்பை நகத்தால் கிழித்து ஜன்னலைத் திறந்தார். என் சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வெளியே வெயிலில் நின்ற பிறகுதான் கேட்டார்.

"எப்படி அணைஞ்சுச்சு?"

"ஊதினேன்."

"ஊதினியா?"

"எங்க வீட்ல அப்படித்தான்."

கன்னத்தில் அறை விழும் என்று நினைத்தேன். கண்ணில் வழிந்த நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் மல்லி. வந்த புதுசுல நானும் ஊதினேன். அதனாலதான் கேஸ் மணம் வந்தா தெரியட்டும்னு குளிக்கிற ரூம் கதவ லேசா திறந்து வச்சேன். சொன்னா கெம்பஸ் தொரைக்கு ரோஷம் வரும்னு சொல்லல."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டேனே, அந்த வெட்கம் அன்று இரண்டு பேரைக் கொன்றிருக்கும். இப்போதெல்லாம் எது தெரியாவிட்டாலும் கேட்டுவிடுகிறேன்.

இன்றும் அதே அறை, வெள்ளிக்கிழமைதான். கல்லில் ரொட்டி வேகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. அய்யே குளிக்கிறார், கதவை மூடிக்கொண்டு.