பிரியாத தையல்

செம்மநத்தம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவள், என் மடியில் இருந்த மகளின் கவுனைக் கேட்காமலே புரட்டிப் பார்த்தாள். காப்பிப் பழம் பறித்துக் கறுத்த விரல்கள். முன்பு உடுப்புக் கம்பெனியில் தைத்தவளாம்; யார் உடுப்பைக் கண்டாலும் தையலைப் பார்ப்பது பழக்கமாம்.

“எங்க எடுத்ததுங்க?”

“அக்கா அமெரிக்காவிலருந்து அனுப்பினாங்க. எத்தியோப்பியாவுல தைச்சது.”

“தையல் முடியற எடத்துல ரெண்டு தடவை பின்னால ஓட்டியிருக்குது பாருங்க. அது என்ற தப்புங்க. ஒரு தடவை போதும், நூலு வீணுன்னு சூப்பர்வைசர் நொம்பத் திட்டுவாரு. கூலி கம்மின்னு எங்க கம்பெனிய அங்க மாத்துனப்ப, அங்கத்த புள்ளைங்களுக்குச் சொல்லித்தர நான் தெக்கிறதத்தான் வீடியோ புடிச்சாங்க. என்ற தப்பும் அதோடவே போயிருச்சு.”

“அந்தப் பொண்ணுங்க மேல கோபம் வருமா?”

“அவங்க மேல என்னங்க கோவம்? நாளைக்கு அங்கயும் கூலி ஏறும். அப்ப அவங்களையும் வீடியோ புடிப்பாங்க.”

எஸ்டேட் கேட்டில் இறங்கிப் போனாள். வீட்டில் கவுனைக் கழற்றியதும் தையலை நெடுக இழுத்துப் பார்த்தேன்; அங்கங்கே நூல் விட்டது. அவள் தப்பு என்று சொன்ன இடம் மட்டும் பிரியவே இல்லை.