பஸ்ஸிலிருந்து வந்த பதில்

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் தினமும் சென்னையிலிருந்து கவரைப்பேட்டைக்கு வந்துபோகும் ஆங்கில ஆசிரியை நான். பல வருடம் ஆங்கிலத்தைத் தமிழிலேயே நடத்திச் சம்பளம் வாங்கியவள். வாயைத் திறந்து நாலு வாக்கியம் பேசச் சொன்னால் தொண்டையில் மீன் முள் சிக்கியது போல இருக்கும். அந்த முள்ளை எடுத்தது ரயிலில் கேட்ட, ஆங்கிலம் பேசப் பழக்கும் பாட்காஸ்ட்தான். ஐந்து நிமிடம் ஒரு பெண் நிதானமாகப் பேசுவாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டு, நாம் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுப்பேன். எதிர் சீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலையில்லை.

நல்லது கிடைத்தால் கை சும்மா இருக்குமா? ஏழாம் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒன்று அனுப்ப ஆரம்பித்தேன். பிள்ளைகள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து, மறுநாள் இரண்டு வரி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பிறகு சின்ன ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சரிபார்ப்போம். உளறினார்கள். உளறட்டும், உளறாமல் யாருக்கு எந்த மொழி வந்தது?

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி மட்டும் சம்பந்தமே இல்லாமல் எதையாவது சொல்வாள். நான் மழையைப் பற்றி அனுப்பினால் இவள் சந்தையைப் பற்றிச் சொல்வாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கேக்காமலே கதை விடுறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆங்கிலம் மட்டுமல்ல, என்னிடம் தமிழும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா, ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிபாரத்தோடு வந்து நின்றார்.

"மிஸ், ஊட்ல ஒரே போனு. அது என்கூட வேலைக்கு வந்துடுது. நான்தான் கம்பெனி பஸ்ல கேட்டுக்கினு போறேன். ஊட்டுக்கு வர்றதுக்குள்ள நெட்டு தீந்துடுது, அவளாண்ட வாயாலதான் சொல்றேன். நான் ஆறாவதோட நின்னவ. எனக்கு இன்னா புரிஞ்சுதோ, அதான் அவளுக்கு. தப்பு என்னுது, அவளத் திட்டாதீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். இனி வகுப்பிலேயே முதலில் போட்டுவிடுகிறேன், குழுவில் அனுப்புவதை நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவர் பதறிப்போனார்.

"ஐயய்ய, நிறுத்தாதீங்க மிஸ்! பஸ்ல பாதிப் பேரு இப்ப அதத்தான் கேட்டுக்கினு கீறாங்க."

அனுப்பிக்கொண்டே இருந்தேன். மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள், வாய் திறக்கவில்லை. இரண்டு வாரம் அப்படியே போயிற்று. ஒரு பிள்ளையின் வாயை நானே பூட்டிவிட்டேனே, இனித் திறக்குமா என்று ரயிலில் வரும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. பாட்காஸ்ட் காதில் ஓடும், ஒரு வார்த்தையும் உள்ளே போகாது.

ஒருநாள் பாட்காஸ்ட் கேட்ட கேள்வி, உன் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பது. அந்த அம்மா தன் பதிலைப் பேசிக் குழுவில் அனுப்பியிருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் முதல் வேலையாக அதை வகுப்பில் போட்டேன். பஸ் இரைச்சலுக்கும் ஹாரனுக்கும் நடுவே அவர் குரல் கேட்டது.

"ஐ சீ லாரி. ஐ சீ லாரி. ஒன் மோர் லாரி. புதுவாயல் ஸ்டாப் கமிங். அகைன் லாரி."

வகுப்பே சிரித்தது. உள்ளதைச் சொன்னால், முதலில் சிரித்தது நான்தான்.

மூன்றாவது பெஞ்சில் அவள் எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"தட் இஸ் மை மதர். ஷீ இஸ் லேர்னிங். டோன்ட் லாஃப், மிஸ்."

நான் "ஸாரி" என்றேன். அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் உள்ளுக்குள் நன்றி சொன்னேன். இன்னும் சொல்லி முடிக்கவில்லை.