சுஹெர்லான் வாசித்த கடைசி இருபது விநாடி

சுஹெர்லானைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தறியில்தான் ஆரம்பிக்கிறார்கள். மஜலாயா நெசவாலையில் முப்பத்து மூன்று வருடம் தறி ஓட்டியவர், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே டிரம்ஸ் கற்றுக்கொண்டார் என்று ஒருவன் எழுத, மற்றவர்கள் அதையே பார்த்து எழுதிவிட்டார்கள். பேட்டி எடுக்க வந்த ஒரு பெண் அதை அவரிடமே கேட்டாள்.

"தறி தூங்கறவன் முன்னாடியும் ஒரே மாதிரி அடிக்கும், அழுவறவன் முன்னாடியும் ஒரே மாதிரி அடிக்கும்மா. நான் அப்படியா அடிக்கிறேன்?" என்றார் சுஹெர்லான்.

அந்தப் பெண் இதை விட்டுவிட்டு, தறிதான் அவருடைய குரு என்று போட்டாள். எனக்கு வந்த எரிச்சலில் பத்திரிகையைக் கடையில் பிசின் துடைக்க வைத்துக்கொண்டேன்.

என் பெயர் அச்செங். பண்டுங் நகரத்தின் கிழக்குக் கோடியில் மோட்டார் சைக்கிள் சீட் தைக்கிறேன். 'குலுடுக்' குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். குலுடுக் என்றால் எங்கள் பாஷையில் இடி. ஹெவி மெட்டல் வாசிக்க ஆரம்பித்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. இந்தப் பக்கத்து ஆலைகளில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள்தான் எங்களுக்கு முதல் ரசிகர்கள். அவர்கள் பிள்ளைகள் இப்போது எங்கள் படம் போட்ட கறுப்புச் சட்டையில் ஆலைக்குப் போகிறார்கள். போன வருடம் ஆறாவது ஆல்பத்தை ஆரம்பித்தோம். ஐந்தாவது வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. நடுவில் பிள்ளைகள் படிப்பு, மாமியார் ஆஸ்பத்திரி, எங்கள் தலைவர் நந்தாங்கின் கோபம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது.

அவசரப்படுத்தியது சுஹெர்லானின் முழங்கால். இரண்டு காலுக்கும் இரண்டு பெடல் வைத்து, பெரிய டிரம்மை மழை கொட்டுகிற மாதிரி அடிப்பவர் அவர். ஐம்பத்தாறு வயதில் இடது முழங்கால் பரோட்டா மாவு மாதிரி வீங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. "நடக்கலாம், தொழலாம். பெடல் மிதிக்கிறதை மறந்துடுங்க" என்று டாக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். அதற்குள் ஆல்பத்தின் ஒன்பது பாட்டுக்கும் அவர் வாசித்து முடித்தாக வேண்டும்.

நந்தாங் அவரிடம் நயமாகத்தான் பேசினார். கிட்டார் வாசிப்பவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நயமாகப் பேசுவது அவருக்குக் கஷ்டம்.

"எட்டு பாட்டு நீ வாசி. அந்த வெள்ளப் பாட்டை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

"நான் கண்டுபிடிப்பேனே."

"உன் பேருதான்டா போடுவோம்."

"அதான் வேண்டாங்கிறேன். என் பேரை வெச்சுட்டு மெஷின் அடிக்கணும்னா, எனக்கு ஆலையே போதும். என்னால முடியலன்னா அந்தப் பாட்டையே தூக்கிடு. வலிக்காது."

வலிக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். 'தண்ணி ஏறுது' அவர் எழுதிய பாட்டு. முப்பத்தோரு வருடத்தில் அவர் எழுதிய ஒரே பாட்டு. சித்தாரும் என்கிற ஆறு மழைக்காலத்தில் வருடா வருடம் அவர் வீட்டுக்குள் வரும். முதலில் வாசல், அப்புறம் அடுப்பு, அப்புறம் கட்டில் கால். பாட்டும் அப்படித்தான், மெதுவாக ஆரம்பித்து வேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசி இருபது விநாடியில் கால் இரண்டும் உச்ச வேகத்தில் ஓட, கை மட்டும் சிம்பல் தகட்டில் மெல்லத் தட்ட வேண்டும். முழங்கால் நன்றாக இருந்த நாளிலேயே பாதி முறை தவறவிடுவார்.

ஒலிப்பதிவு ரெஸ்தியின் வீட்டில். முப்பது வயதுப் பெண், வேலையில் கெட்டிக்காரி. பின்னறைச் சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை அடித்து ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறாள். சந்துக்கு எதிர்ப்பக்கம் பள்ளிவாசல். அதன் ஒலிபெருக்கி நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம். தொழுகைக்கு அழைக்கிற பாங்கு ஆரம்பித்தால் வாசிப்பு நிற்க வேண்டும், எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும். ஜன்னல் ஓரம் உட்காருகிறவன் கையைத் தூக்குவான், அப்படியே எல்லோரும் நிறுத்துவார்கள். அந்த இடம் என்னுடையது. முப்பத்தோரு வருடமாக எந்த ஸ்டூடியோவிலும் அது என் வேலைதான். அன்றுவரை ஒரு தடவையும் தவறியதில்லை.

நோன்பு மாதத்துக்கு முந்திய சனிக்கிழமை. எட்டு பாட்டு முடிந்துவிட்டது. வெள்ளப் பாட்டை மதியத்திலிருந்து ஆறு தடவை வாசித்து, ஆறு தடவையும் கடைசிப் பகுதியில் கால் சிக்கி நின்றுவிட்டார். முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் நந்தாங்கும் கூடவே வாசித்தாலும் எங்கள் சத்தம் ஹெட்ஃபோனில் மட்டும்தான். அறைக்குள் கேட்பது டிரம்ஸ் ஒன்றுதான்.

"அஸர் தொழுகைக்கு ஏழு நிமிஷம்தான் இருக்கு மாமா. தொழுதுட்டு வந்து பார்க்கலாம்" என்றாள் ரெஸ்தி.

"உக்காந்து எந்திரிச்சா இந்தக் கால் அவ்ளோதான். ஒண்ணு அடிச்சிடறேன்" என்றார் சுஹெர்லான்.

முதலில் குச்சி நழுவியது. அதில் இரண்டு நிமிடம் போயிற்று. மறுபடி ஆரம்பித்தார். பாட்டு ஐந்து நிமிடத்துக்கும் கொஞ்சம் மேலே. கணக்குப் பார்த்திருந்தால் அப்போதே நிறுத்தியிருப்போம். கணக்கு வாத்தியாரும் பார்க்கவில்லை.

அவர் வாசித்தார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாசல் வந்தது, அடுப்பு வந்தது, கட்டில் வந்தது. கடைசிப் பகுதியில் அவர் நுழைந்தபோது வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு சொல்கிற மோதினார் தொண்டையைச் செருமிக்கொண்டு "அல்லாஹு அக்பர்" என்றார்.

என் கை பாஸின் மேலேயே இருந்தது. தூக்க வேண்டும் என்று தெரியும், மறந்துபோய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தூக்கவில்லை. நந்தாங் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன், இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தோம். இருபது விநாடி. இரண்டு காலும் ஒரு இடம் பிசகவில்லை. கடைசி அடியை அடித்துவிட்டு அவர் முக்காலியிலிருந்து அப்படியே தரையில் சரிந்து படுத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்தார். படுத்தபடியே மனைவி கோகோமுக்குப் போன் போட்டு, "முடிச்சிட்டேன்டி" என்றார்.

அவர் கால் கழுவப் போனதும் ரெஸ்தி ஓட்டிப் பார்த்தாள். கடைசி இருபது விநாடி முழுக்க, எல்லா மைக்கிலும், பாங்கு. கை மெல்லத் தட்டுகிற இடம் என்பதால் தெளிவாகவே கேட்டது.

"இதை எப்படி வெளியிடறது. பாங்கைப் போய் ஹெவி மெட்டல் பாட்டுல கலந்து விட்டோம்னா சும்மா விடுவாங்களா. விடுறது இருக்கட்டும், நமக்கே எப்படி இருக்கும்" என்றாள்.

"அந்த இருபது விநாடியை மட்டும் கம்ப்யூட்டர்ல செய்துடு. அவன்கிட்ட சொல்லாத" என்றார் நந்தாங்.

தொழுதுவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு முட்டைக்கோஸ் பஜ்ஜி தின்றோம். சுஹெர்லான் மூன்று தின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகு நாளாயிற்று. அந்த முகத்தைப் பார்த்து என் பஜ்ஜியைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, பாங்கு விழுந்துடுச்சு" என்றேன்.

"எதுல?"

"உங்க வாசிப்புல. கடைசியில."

நந்தாங் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. சுஹெர்லான் எழுந்து உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். ரெஸ்தி அந்த இடத்தை ஓட்டினாள்.

"எங்க?" என்றார்.

"இப்ப வருது மாமா."

"எங்கம்மா?"

அவள் சத்தத்தைக் கூட்டினாள். தள்ளி நின்ற எனக்கே ஹெட்ஃபோனுக்கு வெளியே மோதினார் குரல் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு பக்கத்தைக் காதிலிருந்து எடுத்து மறு காதில் வைத்துப் பார்த்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வீட்ல கோகோம்தான் நேரமாச்சுன்னு சொல்லுவா. டிவி சத்தத்துல எனக்கு விழலன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

தறி அவருக்குக் கற்றுக்கொடுத்தது எதுவுமில்லை, எடுத்துக்கொண்டது இந்தக் காதை. எனக்கு ஆத்திரம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நீ ஏன்டா கை தூக்கல?" என்றார் என்னைப் பார்த்து.

"ரொம்ப நல்லா வாசிச்சிட்டிருந்தீங்க அண்ணே."

"முட்டாப்பயலே" என்றார், திட்டுகிற குரலில் இல்லை.

மக்ரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி வாசித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். இடது கால் பெடலில் போய் நின்றது, எழவில்லை. கையால் தொடையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இரண்டாம் முறை தூக்கவே இல்லை. கையை மட்டும் தனியாக வாசியுங்கள், காலைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிறேன் என்று ரெஸ்தி கெஞ்சினாள். தலையை ஆட்டிவிட்டார்.

"அவன் கை தூக்கியிருந்தா நான் எங்க நின்னிருப்பேன்?"

"பாங்கு ஆரம்பிச்ச இடத்துல" என்றாள் ரெஸ்தி.

"அங்க வெட்டிடு."

நந்தாங் குதித்தார். அந்த இருபது விநாடியில்தான் அவருடைய கிட்டார் தனியாக வருகிறது. மூன்று மாதமாக விரலில் தோல் உரிய அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு வருஷம் கழிச்சு ஆல்பம் போடறோம். பாட்டு பாதியில நின்னா ஊரே சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். முப்பத்தோரு வருஷத்துல உன்கிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

"போன வாரம் என் பைக்கைக் கேட்டே. பெட்ரோல் இல்லாம திருப்பிக் கொடுத்தே."

"அதைச் சேர்த்து ரெண்டு. இதைக் கொடுத்துடு."

நந்தாங் வெளியே போய் ஒரு சிகரெட்டை முழுவதுமாகக் குடித்துவிட்டு வந்தார். "வெட்டு" என்று ரெஸ்தியிடம் சொன்னார். கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். வெட்டிய துண்டை அழித்துவிடச் சொன்னார் சுஹெர்லான். ரெஸ்தி தயங்கினாள். அவர் பக்கத்தில் நின்று, அழிகிற வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆல்பம் பெருநாள் கழிந்து வந்தது. எங்கள் ஆட்கள் இன்னும் கேசட்தான் கேட்பார்கள். அதனால் கேசட்டும் போட்டோம். முதல் வாரத்திலேயே இருபது முப்பது பேர் என் கடைக்குக் கொண்டுவந்து, "அண்ணே, கடைசிப் பாட்டு அறுந்துபோகுது, வேற குடுங்க" என்றார்கள். அறுந்துபோகவில்லை, அவ்வளவுதான் பாட்டு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஒருவன் மட்டும், தண்ணி வந்தப்ப எங்க வீட்லயும் கரண்ட் இப்படித்தான் போச்சு என்று சொல்லிவிட்டு, திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

போன மாதம் சுஹெர்லானைப் பார்க்கப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காதில் புதிதாக ஒரு கருவி. கோகோம் அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்து, "இப்பல்லாம் நான் முணுமுணுக்கிறதுகூடக் கேக்குது. நிம்மதி போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கேசட்டைப் போடச் சொன்னார். கருவி வந்த பிறகு முதல் தடவையாக 'தண்ணி ஏறுது' பாட்டைக் கேட்டார். சட்டென்று அது நின்றதும் கேசட் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கப்புறம் எப்படிடா இருந்துச்சு?"

"நீங்க வாசிச்சதுதானே."

"வாசிக்கிறவனுக்கு என்ன தெரியும். சொல்லு."

மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். இரண்டு இடத்தில் தப்பு என்று திருத்தினார். நெஞ்சில் கிடந்ததை அப்போது சொல்லிவிட்டேன்.

"நான் கை தூக்காதது தப்புதான் அண்ணே. ஆனா மறுபடி அங்க கொண்டுபோய் உக்கார வெச்சாலும் தூக்கியிருக்க மாட்டேன்."

அவர் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அஸருக்கு நேரம் ஆயிடுச்சுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியும்டா. காது கேக்கலன்னா என்ன, என் கண்ணு உன் கையிலதான் இருந்துச்சு. தூக்கிடாதடா, தூக்கிடாதடான்னு சொல்லிக்கிட்டேதான் அந்த இருபது விநாடியும் வாசிச்சேன். அப்படி வாசிச்சதை எப்படி நான் வெச்சுக்க முடியும்?"