இடது விங்கில் இருந்தவள்

நான் பொய் எழுதிப் பிழைப்பவள். பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை, வானொலிக்கு நாடகம், கடை விளம்பரத்துக்கு வசனம் என்று எது கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். போகாத ஊரின் மழையைக்கூட ஒருமுறை வர்ணித்திருக்கிறேன். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் சோடித்தது இல்லை. நம்பாதவர்கள் அன்று மேடையில் நின்ற ஆரணியைக் கேளுங்கள், ஜனாவைக் கேளுங்கள். லோகேஸ்வரனைக் கேட்க முடியாது. அவர் இப்போது யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை.

லோகேஸ்வரன் எங்கள் நாடகக் குழுவின் நெறியாளர். பதினாறு வருடப் பழக்கம். அந்தக் குழுவோடு வேனில் நெருக்கியடித்துக்கொண்டு மட்டக்களப்பு, ஹட்டன், யாழ்ப்பாணம் என்று போகாத இடமில்லை. என் அப்பா செத்த அன்று வெள்ளவத்தை வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். அவர் சொன்னால் நான் இரண்டாம் தரம் கேட்பதில்லை. அதுதான் என் மடத்தனம்.

போன வருடம் பதுளை ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு கதை சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் இருந்த தன் சின்னம்மாவின் கதை என்றார். கொழும்புக்கு வேலைக்குப் போன மகள் வருவாள் வருவாள் என்று, கதவைச் சாத்தாமல் லயத்து வரிசை வீட்டின் வாசலிலேயே இரவிரவாகக் குந்தியிருந்த ஒரு தாய். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார்.

"இத நீங்கதான் எழுதணும் றேணுகா. என்னால முடியாது."

எட்டு மாதம் இருந்து எழுதினேன். மூன்று காட்சி. நாற்பத்தாறு வயதில் என் முதல் மேடை நாடகம். 'எழுத்து: றேணுகா' என்று போட்ட போஸ்டரை வெள்ளவத்தை மதிலில் பார்த்த அன்று, ஒரு வேலையும் இல்லாமல் அந்த வழியாக மூன்று தரம் நடந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் வழக்கமாக எடுக்கும் பழைய மண்டபம். ஒத்திகை பின்னேரம் நாலு பத்துக்குத் தொடங்கியது. வெளியே மழை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நடிகர்களுக்கு முழுப் பிரதி கொடுப்பதில்லை. அவரவர் வசனம் மட்டும்தான் கையில் கிடைக்கும். முழுப் பிரதி நெறியாளரிடமும் புரொம்ப்டரிடமும் இருக்கும். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், விங்கில், ஒளிந்திருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர்தான் புரொம்ப்டர். யாராவது மறந்து நின்றால் முதல் இரண்டு சொல்லை மட்டும் மெல்லச் சொல்ல வேண்டும். மிச்சம் அவர்களுக்குத் தானாக வரும்.

எங்கள் புரொம்ப்டர் சிவபாலன் யாழ்ப்பாணத்துக்குக் கலியாண வீடொன்றுக்குப் போய்விட்டார். அதனால் அன்று வலது விங்கில் நான் குந்தியிருந்தேன். எழுதியவளே புரொம்ப்டர். லோகேஸ்வரன் கீழே முதல் வரிசையில்.

என் கைக்கடிகாரத்தில் ஐந்து இருபது. இரண்டாம் காட்சி.

ஆரணிதான் தாய் வேடம். நடுவில் வசனம் மறந்து நின்றாள். நான் பிரதியில் விரலை வைத்து வாயைத் திறந்தேன்.

"தண்ணிப் பானைய..."

நான் சொல்லவில்லை. குரல் இடது விங்கில் இருந்து வந்தது. பெண் குரல். மெல்லிய குரல்.

ஆரணி நிமிர்ந்தாள். "தண்ணிப் பானைய யாரும் தொடாதீங்க. அதுக்குள்ள எம் புள்ள மொகம் கெடக்கு" என்றாள்.

அது என் வசனமே இல்லை. நான் எழுதியதைவிட நல்லாகவும் இருந்தது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். லோகேஸ்வரன் எனக்குச் சொல்லாமல் பிரதியை மாற்றிவிட்டார், அந்தப் பக்கம் வேறொருத்தியை இருத்தி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

ஐந்து முப்பத்தொன்று. மறுபடி. ஐந்து முப்பத்தெட்டு. மறுபடி.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. குரல் கொடுப்பது இரண்டே இரண்டு சொல். ஆரணி பேசுவது நாலு வரி. படிக்காத நாலு வரியை அவள் எங்கிருந்து எடுக்கிறாள்?

இடது விங்கின் கறுப்புத் திரையைப் பார்த்தேன். காற்றில்லை. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் துணி உள்ளே போனது... வெளியே வந்தது... கதிரையில் இருக்கும் ஒருவரின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில்.

லோகேஸ்வரன் எழுந்துவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆரணி, யாரும்மா ஒனக்கு அந்த வசனத்த சொன்னது?"

"றேணுகா அக்காதான்."

"நான் வாயே திறக்கேல்லை" என்றேன்.

"இல்லை அக்கா, உங்கட குரல்தான். அந்தப் பக்கத்தில இருந்து கேட்டுது."

அவள் இடது பக்கத்தைக் காட்டினாள். நான் இருந்தது வலது பக்கம்.

ஆறு ஏழு. கரண்ட் போனது.

போன் வெளிச்சமும் இல்லை. ஒத்திகை நேரம் போன் வைத்திருக்க லோகேஸ்வரன் விடமாட்டார். எல்லோருடையதும் அணைத்தபடி வாசல் மேசையில் கிடந்தன.

இருட்டில் குரல் மறுபடி தொடங்கியது. இப்போது இரண்டு சொல் அல்ல. முழுதாக.

மூன்றாம் காட்சி. தாய் பேசுவது... மகள் பேசுவது... எல்லாம் ஒரே குரலில்.

என் நாடகத்தில் மகள் கடைசியில் திரும்பி வருவாள். இதில் வரவில்லை. வெளியே நின்றபடி குரல் மட்டும் கொடுத்தாள்.

"அம்மா, இனி வாசல்ல ஒக்காராத. கதவ சாத்திட்டு தூங்கு."



இருட்டில் லோகேஸ்வரனின் குரல் கேட்டது.

"மேனகா... போதும்."

அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை.

ஓடும் சத்தம். கதவு அடிபடும் சத்தம்.

ஆறு பத்தொன்பது. கரண்ட் வந்தது. லோகேஸ்வரன் இல்லை. செருப்பு வாசலில் கிடந்தது.

ஜனா போய் இடது திரையை இழுத்தான். பின்னால் பிளாஸ்டிக் கதிரைகள், கூரை வரைக்கும் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி. பூனை நுழையவும் இடமில்லை.

ஐந்து நாள் அவர் போன் எடுக்கவில்லை. வியாழன் பகல் பதினொரு மணிக்கு அவருடைய மனைவி ரஜனி என் வீட்டுக்கு வந்தாள். கைப்பையில் இருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இத எரிச்சிடுன்னாரு அக்கா. எனக்கு மனசு வரல."

மட்டையில் கி. மேனகா என்று இருந்தது. திறந்தேன். ரயிலில் கேட்ட அதே கதை. லயத்து வாசல். தண்ணிப் பானை. இரண்டாம் காட்சியில் ஆரணி பேசிய வசனங்கள் சொல்லுக்குச் சொல் அதில் இருந்தன.

"இது அவருடைய சின்னம்மாவின்ர கதையெண்டெல்லோ சொன்னவர்?"

"அவருக்கு ஏதுக்கா சின்னம்மா?"

ரஜனி மிச்சத்தையும் சொன்னாள். மேனகா அவர்களுடைய ஊர்ப் பிள்ளை. பகலில் புடவைக் கடையில் வேலை, பின்னேரத்தில் குழுவில் புரொம்ப்டர். நான் நாடகங்களுக்குப் போகாமல் பத்திரிகை வேலையாக அலைந்த இரண்டு வருடத்தில் வந்து போனவள். தன் தாயைப் பற்றி எழுதி, பார்த்துச் சொல்லுங்கள் என்று இவரிடம் கொடுத்திருக்கிறாள். அடுத்த மாதமே டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அது நடந்து ஏழு வருடம்.

"அவங்கம்மா ரெண்டு தரம் வந்து கொப்பிய கேட்டாங்க. தொலஞ்சிருச்சுன்னு இவரு சொல்லிட்டாரு. அப்ப எடது பக்கம்தான் புரொம்ப்டர் ஒக்காருற எடம். அவ போனதுக்கப்பறம் இவருதான் அந்தப் பக்கத்த கதிர போட்டு அடைக்கச் சொன்னாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்த பிள்ளையின் எழுத்தைத் திருடியவர், அதை என் கையால் எழுத வைத்து, என் பெயரைப் போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார். ரயிலில் அழுத அழுகையும் நடிப்பு. பதினாறு வருடம் நான் யாரோடு பழகினேன்? அவர் என்று மரியாதையாக எழுதுவது பழக்கதோஷத்தில் மட்டுமே.

கொப்பியைக் கடைசிவரை புரட்டினேன். மூன்றாம் காட்சியின் நடுவில், ஒரு வசனத்தின் பாதியில் எழுத்து நின்றிருந்தது. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். முடிவு அதில் இல்லை.

முடிவை நாங்கள் கேட்டோமே.

கொப்பியை உரியவரிடம் கொடுத்துவிட்டு, போஸ்டரில் இருந்து என் பெயரை எடுப்பதென்று முடிவு செய்தேன். மேனகாவின் தாய் அங்கம்மா, வெள்ளவத்தையை ஒட்டிய பாமன்கடையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்வதாக ரஜனி சொல்லியிருந்தாள். அன்று பின்னேரமே நடந்து போனேன். மூன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கம்மா பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். கொப்பியை இரண்டு கையாலும் வாங்கினார். வாசிக்கத் தெரியாது. முதல் பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது முழுசா இல்லை அம்மா. பிள்ளை முடிக்கேல்லை" என்றேன்.

"முடிச்சிட்டாம்மா" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"போன சனிக்கெழம போன் கோல் ஒண்ணு வந்துச்சு. மழ நேரம். எம் புள்ள கொரலு. 'எழுதி முடிச்சிட்டேன்மா. இனி வாசல்ல ஒக்காராத, கதவ சாத்திட்டு தூங்கு'ன்னா. அவ்ளோதான். ஏழு வருஷமா நான் கதவ சாத்துனதில்லம்மா. அன்னிக்குத்தான் சாத்துனேன்."

சின்னப் பட்டன் போன். எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நம்பரு உள்ளதான் இருக்கு. திருப்பி எடுக்கப் பயமா இருக்கு. நீங்க எடுத்து பாருங்கம்மா."

வாங்கிப் பார்த்தேன். சனிக்கிழமை. ஆறு பதினாலு.

எண்ணைப் படிக்கவில்லை. படிக்கத் தைரியம் வரவில்லை. பச்சைப் பட்டனை அமத்திக் காதில் வைத்தேன்.

என் தோள்பைக்குள் போன் அடித்தது.