தெரசம்மாள் என்று எழுதிய கல்

தன் கல்லறைக்கு வருஷம் தவறாமல் போய்வருகிறவள் நாமக்கல் ஜில்லாவிலேயே சௌந்திரம் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறாள். நவம்பர் இரண்டாம் தேதி வந்தால், "தீவனக்காரரைப் பார்க்கணும்" என்று சேலத்துக்கு பஸ் ஏறிவிடுவாள். மல்லூர் தாண்டியதும் நெற்றிப் பொட்டை எடுத்துவிடுவாள்.

கல்லறைத் திருநாளன்று சேலத்துக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் தேர்க்கூட்டம். மெழுகுவத்தியும் சாமந்தியுமாய் நெரிகிற சனத்தில் முக்காடு போட்ட ஒருத்தியை யார் கவனிப்பார்கள்? மதிலோரம் ஒரு கல். 'தெரசம்மாள். இறப்பு 1988.'

அவள்தான் தெரசம்மாள்.

அந்த வருஷம்தான் முட்டை லாரி ஓட்டிய வெங்கடாசலத்தோடு ஓடிப்போனாள். "ஆத்தூர்ப் பக்கம் நம்ம சனம்தானுங்க, அப்பா அம்மா இல்லாத பொண்ணு" என்று அவன் வீட்டில் சொன்னான். பேச்சு கொஞ்சம் வேறாக இருந்ததற்கும் அதுவே பதிலாயிற்று. பேர் சௌந்திரம் ஆனது. அடுத்த வருஷம், அம்மாவை மறைந்து நின்றாவது பார்க்கலாமென்று கல்லறைத் திருநாளுக்கு வந்தவள், தன் பேரைப் பார்த்தாள். வீட்டார் கோபத்தில் வெறும் மண்ணைக் குவித்துத் தன்னைத் தலைமுழுகிவிட்டார்கள் என்று நினைத்தாள். அன்றிலிருந்து பட்டப்பகலில் கொட்டகையில் நிற்கும்போதுகூட நெஞ்சில் மண் அழுத்தும். யாராவது "சௌந்திரம்" என்று கூப்பிட்டால், முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தியும் திரும்புவது போலிருக்கும்.

வெங்கடாசலம் போய்ச் சேர்ந்துவிட்டான். வருகிற தையில் மகள் கிருத்திகாவுக்குக் கல்யாணம். நாத்தனார் மலர்விழி அண்ணியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு நெத்தியில பட்டம் கட்டத் தாய்மாமன் வேணுமுங்களே நங்கையா. பேருக்குக்கூட ஒருத்தர் இல்லீங்களா? என்ன, வானத்துலயிருந்து குதிச்சு வந்தீங்களா?"

கிருத்திகா மட்டும் அம்மாவைத் தனியே கேட்டாள். "தூக்கத்துல 'அண்ணா, அண்ணா'ங்கறியே. அது யாரும்மா?"

அந்த நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் தோட்டத்தில் சௌந்திரம் முக்காட்டை எடுத்துவிட்டாள். கல்லருகே நரைத்த தலையோடு ஒருவர் குந்தி, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அமிர்தசாமி.

"அண்ணா."

அவர் பதறவில்லை. "ரெண்டாவது வருஷமே ஒன்னப் பாத்துட்டேன் தெரசா. திரும்பினா நீ அப்புறம் வரமாட்டேன்னு விட்டுட்டேன்."

"உசுரோட இருக்கறவளுக்கு எதுக்குண்ணா மெழுகுவத்தி? வெறும் குழிக்கு?"

"வெறும் குழி இல்ல."

காற்றில் அணைந்த திரியை மறுபடி பற்றவைத்தபடியே சொன்னார். "நீ போன பிறகு ஒரு கெணத்துல பொண்ணு ஒண்ணு மெதந்துச்சு. மொகமே தெரியல. ஒன் கால்ல சூட்டுத் தழும்பு இருக்குமே, அது அவளுக்கு இல்ல. அப்பாவும் சித்தப்பாவும் லாரிப் பட்டறை ஒண்ணு விடாம ஒன்னத் தேடிட்டிருந்தாங்க, கையில அருவாளோட. போலீஸ்ல கேட்டப்ப, எங்க தெரசாதான்னு சொல்லிட்டேன். தேடறத நிறுத்திட்டாங்க."

"அவ யாருண்ணா?"

"தெரியல. அவ வீட்லயும் யாராவது தேடியிருப்பாங்க. அவங்களுக்கும் அவ கெடைக்காம பண்ணிட்டேன்."

சௌந்திரம் கல்லை ஒட்டிக் கிடந்த மண்ணைத் தொட்டாள். இத்தனை வருஷம் தன்மேல் அழுத்திய மண் வேறொருத்தியின் மேல் கிடந்திருக்கிறது.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். "கிருத்திகாவுக்குப் பட்டம் கட்ட வரணும்ணா."

"நான் வந்து நின்னா, நீ உசுரோட இருக்கறது வெளிய வரும். அப்புறம் இங்க கெடக்கறவளுக்கு இந்தப் பேரும் இல்லாம போயிரும்."

"பேரு அவகிட்டயே இருக்கட்டும். நீ சௌந்திரத்துக்கு அண்ணனா வாண்ணா."

ஊர் திரும்பியதும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிருத்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "மாமா வருவாரா?"

வந்தார். புது வேட்டி மொடமொடக்க, மருமகள் நெற்றியில் பட்டம் கட்டினார். மலர்விழி சும்மா இருப்பாளா?

"ஏனுங்க, இத்தன வருசமா எங்கீங்க ஒளிஞ்சிருந்தீங்க? கூடப்பொறந்தது எங்க நங்கையா ஒருத்தர்தானுங்களா?"

அவர் முடிச்சை இறுக்கினார். "ரெண்டு தங்கச்சிங்க. ஒருத்தி சின்ன வயசுலயே கெணத்துல போயிட்டா."

"அடப்பாவமே. பேரு என்னங்க?"

அமிர்தசாமி தங்கையைப் பார்த்தார்.

"தெரசம்மாள்" என்றாள் சௌந்திரம்.

கிறிஸ்தவப் பேரைக் கேட்டதும் மலர்விழியின் வாய் வெற்றிலையை மெல்ல மறந்து நின்றது. பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். 1988க்குப் பிறகு அந்தப் பேரை முதல்முறையாக நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அது தன்னுடைய பேர் மாதிரியே இல்லை.