கடைசி எபிசோடு

செஞ்சி கடைவீதியில் அந்தப் பாத்திரக்கடைக்கு எப்போது போனாலும் கல்லாவில் கடைக்காரரின் மனைவிதான் இருப்பார். கல்லாவில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாதாம். அது அவர்கள் வீட்டு வழக்கம். ஒரு காதில் இயர்போன், மடியில் செல்போன். அதில் டிராகன் சீரியலோ விண்கலத் தொடரோ ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒரே எபிசோடுல கோட்டைய புடிச்சிட்றான். நம்ம செஞ்சிக் கோட்டை மலைய ஏறிப் பாத்துட்டு எடுத்திருக்கணும்" என்பார்.

ஒரு தொடரை மட்டும் மெச்சினார். அதன் நாயகி ஒரே நாளுக்குள் சிக்கிக்கொண்டு, தினமும் அதே காலையில் கண்விழிப்பாள்.

"முடிவு எப்படி?" என்று கேட்டேன்.

"கடைசி எபிசோடு மட்டும் பாக்கலீங்க."

"ஏன்?"

"அதுல அவ தப்பிச்சிப் போயிடுவா. அப்பறம் எனக்கு யாரு துணை?"

சொல்லிவிட்டு, முதல் எபிசோடை மறுபடியும் ஓடவிட்டார்.